இங்கிலீஷ் வாத்தியார்மாருக்கு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் எழுதுற மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், இன்னும் சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துலயும் இங்கிலீஷ் பாடம் எடுத்து ரிட்டயர் ஆகி வீட்ல இருக்குற வாத்தியாரய்யாக்களுக்கும் டீச்சரம்மாக்களுக்கும், இன்னும் ரிட்டயர் ஆகாதவங்களுக்கும்,

வணக்கம். நான் காரைக்குடில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். உங்கள்ல பாதிப் பேரு என் கடைக்கு வந்திருப்பீங்க, கொஸ்டின் பேப்பர் அடிக்க, பென்ஷன் பேப்பர் காப்பி எடுக்க, பேத்தி ஹால் டிக்கெட் பிரிண்ட் போட. பெரியவங்க இங்கிலீஷ் படிக்க ஒரு பக்கம் பாடம் எழுதிக் குடுங்கன்னு அப்ப கேக்க வாய் வரல, கூட்டமா இருந்துச்சு, அதுவும் போக எனக்கு இங்கிலீஷ் வாத்தியார்னா இன்னிக்கும் கொஞ்சம் பயம். அதனால எழுதுறேன். தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிச்சுடுங்க.

என் கடைல ராத்திரி எட்டரைக்கு மேல ஒரு கிளாஸ் நடக்குது. பெரியவங்களுக்கு இங்கிலீஷ். நான்தான் எடுக்குறேன். சிரிக்காதீங்க, நான் பி.காம், அதுவும் தமிழ் மீடியம். இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, கடைக்கு வர்றவங்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் குடுப்பேன், பேங்க் ஃபார்ம், பாஸ்போர்ட், இன்சூரன்ஸ்னு. ஆத்தங்குடி டைல் பட்டறைல வேல பாக்குற ஒரு அண்ணன் அப்படித்தான் வந்தாரு. எல்லாம் நிரப்பி முடிச்சப்பறம் அவரு சொன்னாரு, "தம்பி, பேப்பர்ல நீ எழுதிட்ட, நாளைக்கு அந்த ஆபீஸ்லேருந்து போன் பண்ணா யாரு பேசுறது?" அவருக்கு ஏற்கனவே ஒரு அடி விழுந்திருக்கு. பெங்களூர்லேருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் கூப்பிட்டு டைல எத்தனை டிகிரில சுடுவீங்கன்னு கேட்டிருக்காரு. ஆத்தங்குடி டைலுக்குச் சூளையே கிடையாதே, சுடுறதே இல்ல, கண்ணாடி மேல ஊத்திக் காய வைக்கிறதுதான. இவரு "நோ ஃபயர், நோ ஃபயர்"னு சொல்லியிருக்காரு, அந்தாளு இது தீப்பிடிக்காத டைல் போலன்னு நெனச்சுக்கிட்டு அதுக்கு சர்ட்டிபிகேட் கேட்டு மெயில் அனுப்பிச்சிருக்காரு. அந்த மெயிலயும் நான்தான் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன்.

அவரு ஒருத்தருக்குன்னு ஆரம்பிச்சது இப்ப பதினோரு பேரு. அவங்கள்ல, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்ட ஹோட்டலா மாத்தியிருக்காங்கல்ல, அந்த மாதிரி ஒண்ணுல ரூம் கிளீன் பண்ற ஒரு அக்கா, கல்யாணச் சமையலுக்கு மலேசியா சிங்கப்பூர்னு போய்ட்டு வர்ற ஒரு மாஸ்டர், முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைல நிக்கிற ரெண்டு பசங்க, பனை ஓலைல கொட்டான், அதான் கூடை, பின்னி விக்கிற பொம்பளையாளுக மூணு பேரு, அப்பறம் ஒரு ஆச்சி, வயசு அறுபத்தெட்டு, பேரன் அமெரிக்கால, அவனுக்குத் தமிழ் சொன்னாப் புரியும், பேச வராது. ஆச்சி வந்த முதல் நாளே கேட்ட கேள்வி, "கண்ணுன்னு கொஞ்சுறதுக்கு இங்கிலீஷ்ல என்ன தம்பி?" 'ஐ'ன்னு சொன்னா முகத்துல இருக்குற கண்ணுதானே வரும். எனக்கு இன்னிக்கு வரைக்கும் சரியான பதில் தெரியல. உங்கள்ல யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கிளாஸ் எடுக்க ஆள் கெடச்சுட்டான், எடம் கெடச்சுது, படிக்க ஆளும் இருக்கு, ஆனா எத வச்சுச் சொல்லிக் குடுக்குறதுங்குறது மட்டும் இன்னும் தீரல.

முதல்ல ஒண்ணாங்கிளாஸ் இங்கிலீஷ் புத்தகத்த எடுத்தேன். அரசாங்கப் புத்தகம், நெட்ல பிடிஎஃப் இலவசமா கெடைக்குது, நம்மகிட்டதான் பிரிண்டர் இருக்கே. புத்தகம் நல்ல புத்தகம், குறை சொல்ல மாட்டேன், ஆனா அது ஆறு வயசுப் பிள்ளைக்கு. ஆச்சி அத மடில வச்சுக்கிட்டு, ரோட்டுல தெரிஞ்சவங்க யாராச்சும் போனா முந்தானைய எடுத்து மூடிக்குவாங்க. மாஸ்டர் ஆயிரம் பேருக்கு சமைக்கிற ஆளு, ஒரே நேரத்துல நாலு அடுப்புல கண்ணு வைக்கிறவரு, அவர உக்கார வச்சு யானைக்குக் கலர் அடிங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? மழைய ஊரவிட்டு வெரட்டுற ஒரு பாட்டு வேற சொல்லிக் குடுத்தேன். கொட்டான் பின்னுற அக்கா கேட்டுச்சு, "ஏன் சார், நம்ம ஊர்ல கண்மாய் காஞ்சு கெடக்கு, மழையப் போ போன்னு பாடுறதா?" அத்தோட அந்தப் புத்தகத்த எடுத்து வச்சுட்டேன்.

அப்பறம் பஸ் ஸ்டாண்டு கடைல தொங்குற புக்குங்க, இத்தனை நாள்ல இங்கிலீஷ்னு அட்டைல கோட்டு சூட்டு போட்ட ஆளு கைகட்டி நிப்பாரு. நாலு வாங்கினேன். நாலுலயும் டென்ஸ் டேபிள், நாலுலயும் ராமன் ராவணனக் கொன்னான், ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். கொன்னது சரிங்க, என் ஆளுகளுக்கு வேண்டியது 'பேலன்ஸ் காசு எப்ப வரும்'னு மரியாதையா கேக்குற ஒரு வாக்கியம். அது நாலுலயும் இல்ல.

நெட்ல தேடினா வேற மாதிரி கஷ்டம், அங்க கொட்டிக் கெடக்கு. பிரிட்டிஷ் கவுன்சில் சைட்ல ஏ1, ஏ2ன்னு லெவல் பிரிச்சு பாடம் ஆடியோ எல்லாம் இலவசமா இருக்கு, அந்த லெவல் கணக்கு ஐரோப்பாக்காரங்க 2001ல கொண்டு வந்ததாம். பிபிசிகாரங்க ஆறு ஆறு நிமிஷமா பேசி வச்சிருக்காங்க. அமெரிக்கால கலிபோர்னியால சாக்ரமெண்டோங்கற மாவட்டத்துக் கல்வி ஆபீஸ் 'யூஎஸ்ஏ லேர்ன்ஸ்'னு ஒண்ணு வச்சிருக்கு, அங்க குடியேறுற பெரியவங்களுக்காகவே பண்ணது, காசு கிடையாது. இதுதான் இருக்குறதுலயே எனக்குப் பிடிச்சது, ஏன்னா அதுல வர்றவங்க எல்லாம் வேலைக்குப் போற ஆளுக, வீட்டு வாடகை கட்டுற ஆளுக. ஆனா அது அமெரிக்கால பொழைக்கப் போறவனுக்கு. அந்த மாதிரி ஷீட்ல அவசரம்னா 911க்கு போன் பண்ணுன்னு இருக்கும். நான் அத வெள்ளை மை வச்சு அழிச்சு 108ன்னு எழுதி காப்பி போட்டேன். அடுத்த பக்கத்துல பனி விழுது, அத என்னன்னு அழிக்கிறது?

ஆடியோவும் அப்படித்தான். லண்டன்காரர் பேசுறது எங்காளுக காதுல தண்ணி மாதிரி ஓடிருது, ஒரு சொட்டு நிக்கல. அமெரிக்க ரேடியோ ஒண்ணு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, 1959லயே இதப் புரிஞ்சுக்கிட்டு ஒரு தனி நிகழ்ச்சி ஆரம்பிச்சிருக்கு, சுமார் 1500 வார்த்தைய மட்டும் வச்சுக்கிட்டு மெதுவா மெதுவா செய்தி படிப்பாங்களாம். 1500 வார்த்தைல உலகச் செய்தியே சொல்ல முடியும்னா டைல் விக்க எத்தனை வேணும்னு நெனச்சப்பதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துச்சு.

ஒரு நாள் ஷீட்டெல்லாம் மூட்ட கட்டி வச்சுட்டு டைல் அண்ணன்கிட்ட சொன்னேன், "அண்ணே, டைல் எப்படிப் போடுறதுன்னு தமிழ்ல சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல எழுதுறேன்." அவரு சொல்லச் சொல்ல பக்கத்துல இருந்த பழைய காலண்டர் பின்பக்கத்துல எழுதினேன். கண்ணாடியத் தொடைக்கணும். அது மேல சட்டம் வைக்கணும். சட்டத்துக்குள்ள டிசைன் அச்சு வைக்கணும். ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்ட ஊத்தணும். அச்ச மெல்லத் தூக்கணும். அது மேல ஒணந்த மணலும் சிமெண்டும் தூவணும், ஈரத்த உறிஞ்ச. அப்பறம் ஈரக் கலவையப் போட்டு மட்டம் பண்ணனும். ஒரு நாள் விட்டு தண்ணித் தொட்டில ஊறப் போடணும். கண்ணாடி தானா விட்டுடும், பளபளப்பு அதுலேருந்து வர்றதுதான், பாலிஷ் மிஷின் கிடையாது.

எண்ணிப் பாத்தா பத்து வாக்கியம் கூட இல்ல. 'பர்ஸ்ட் ஐ க்ளீன் தி கிளாஸ். தென் ஐ புட் தி ஃப்ரேம்.' பர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட், வெயிட், லிஃப்ட், போர். 'வி டோன்ட் பேக் இட். வி ட்ரை இட்.' அண்ணன் மூணாவது நாளே பாக்காம சொன்னாரு. பாதி மறந்தாலும் கை தானா அடுத்த வேலைக்குப் போவுது, கை போற எடத்துக்கு வாய் போயிடுது. அதுக்கப்பறம்தான் விஷயம். மத்த பத்து பேரும் அத படிச்சு கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க, ஹோட்டல் அக்கா 'ஹவ் மெனி டேஸ்?'னு கேட்டுச்சு, ஆச்சி 'ஹூ டாட் யூ?'ன்னு, யாரு கத்துக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க, அண்ணன் ஒரு நிமிஷம் யோசிச்சு 'மை ஃபாதர்'னாரு. கடைல நான் எடுத்ததுலயே அதுதான் உருப்படியான பாடம், நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல, எழுதுனது மட்டும்தான்.

இது என்னமோ நான் கண்டுபுடிச்சதுன்னு ரெண்டு நாள் மெதப்புல திரிஞ்சேன். அப்பறம் பைண்டிங்குக்கு வந்த ஒரு எம்.எட். தீசிஸ்ல பாத்தா ஊர் உலகமே எப்பவோ பண்ணிருச்சு. (பைண்டிங்குக்கு வர்றத படிக்கிறது தப்புதான், ஆனா ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு வேற எங்க படிப்பு கெடைக்கும்?) பிரேசில்ல பாவ்லோ ஃப்ரேரேன்னு ஒருத்தர் 1963ல அங்கிகோஸ்ங்கற ஊர்ல சுமார் 300 கூலியாளுகளுக்கு 40 மணி நேரத்துல எழுதப் படிக்கக் கத்துக் குடுக்க எறங்கினாராம், அவங்க பொழைப்புல இருக்குற வார்த்தைய வச்சே. அவரு முறைல பேர் போன வார்த்தை 'செங்கல்'. எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அங்க செங்கல், இங்க டைல்.

அதே தீசிஸ்ல இன்னொண்ணு. என்.எஸ்.பிரபுன்னு ஒருத்தர் 1979லேருந்து 1984 வரைக்கும் பெங்களூர்லயும் நம்ம தமிழ்நாட்டுலயும் ஸ்கூல்கள்ல சோதன பண்ணிப் பாத்திருக்காரு. இலக்கணத்த வரிசையா நடத்தாம பிள்ளைங்க கைல ரயில் டைம்டேபிள், மேப்புன்னு குடுத்து கணக்குப் போட வைக்கிறது, கணக்கு போடுற சாக்குல இங்கிலீஷ் உள்ள போயிடும். இன்னிக்கு உலகம் பூரா வேலைய வச்சு மொழி கத்துக் குடுக்குறதப் பத்திப் பேசுறப்ப இந்த பேரு வருதாம். இது உங்களுக்குத் தெரியாம இருக்காது, நீங்க பி.எட்.ல படிச்சிருப்பீங்க. எனக்குத்தான் புதுசு. உடனே காரைக்குடி ஜங்ஷன் டைம்டேபிள பிரிண்ட் போட்டு, பல்லவன் எப்ப கெளம்புது, எக்மோர் எப்ப போகுது, ஆச்சி ஏர்போர்ட்டுக்கு அதுல போனா ஃபிளைட்ட புடிக்க முடியுமான்னு ஒரு பாடம் போட்டேன். அரை மணி நேரம் சண்ட, அதுல பாதி இங்கிலீஷ்ல.

அதுக்கும் முன்னாடி போங்களேன். ரங்கூன்லயும் பினாங்குலயும் நகரத்தார் போட்ட வட்டிக் கடைகள்ல பெட்டியடிப் பையன்னு ஒருத்தன் இருப்பான்ல, பணப்பெட்டி பக்கத்துல உக்காந்து எடுபிடி வேல பாத்துக்கிட்டே கணக்கு கத்துக்கிட்டு, அடுத்தாளாகி, அப்பறம் மேலாளாகி வர்றது. அவன் பர்மாக்காரன்கிட்ட வட்டி பேசுறதுக்கு எந்த புக்க வச்சுப் படிச்சான்? பெட்டியடில உக்காந்துதான்.

இப்ப நீங்க கேக்கலாம், அதான் உனக்கே தெரியுதே, நீயே பண்ண வேண்டியதுதான, எங்கள எதுக்கு இழுக்குறன்னு. எங்க சிக்குதுன்னு சொல்றேன்.

ஹோட்டல் அக்கா ஒரு நாள் கேட்டுச்சு, "சார், இங்கிலீஷ்ல 'ங்க' எங்க போடணும்?" எனக்கு புரியல. அது சொல்லுச்சு, "தண்ணி வேணுமான்னு கேக்குறதுக்கும் தண்ணி வேணுங்களான்னு கேக்குறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல, நான் 'யூ வான்ட் வாட்டர்?'னு கேட்டா மேனேஜர் மொறைக்கிறாரு, மரியாதையாத்தான சார் கேட்டேன், சிரிச்சுக்கிட்டே கேட்டேன்." யோசிச்சுப் பாருங்க. நமக்கு மரியாதை வினையோட வாலுல தொங்குது, ஒரு 'ங்க' போட்டா முடிஞ்சுது. அவங்களுக்கு அது வாக்கியத்தோட தலைல, 'வுட் யூ லைக்', 'குட் யூ', இல்லன்னா கேக்குற ராகத்துல. இத எந்த லண்டன் புக்கு சொல்லும்? அவங்களுக்கு 'ங்க'ன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. பஸ் ஸ்டாண்டு புக்கும் சொல்லல. நான் அன்னிக்கு ராத்திரி ஒரு பேப்பர்ல இடது பக்கம் 'ங்க' போட்ட பத்து வாக்கியம், வலது பக்கம் அதுக்கு 'வுட் யூ'ன்னு எழுதிக் குடுத்தேன், அதுல நாலு எனக்கே சந்தேகம்.

இந்த மாதிரி எத்தனையோ. 'போயிட்டு வர்றேன்'ங்கறத அப்படியே 'ஐ கோ அண்ட் கம்'னு சொல்லிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுச்சு, கெஸ்ட் அது திரும்பி வரும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காரு. பழைய சாமான் கடைப் பையன் 'தர்ட்டீன் ஹண்ட்ரட்'னு சொன்னது வாங்க வந்தவருக்கு 'தர்ட்டி ஹண்ட்ரட்'னு கேட்டிருக்கு, அந்தாளு நடைய கட்டிட்டாரு. எந்த எழுத்த அழுத்தணும்னு நான் சொல்லிக் காட்டினா என் வாயிலயும் ரெண்டும் ஒரே மாதிரிதான் வருது. மாஸ்டர் கவுனி அரிசிக்கு என்ன சொல்றதுன்னு கேட்டாரு, 'ப்ளாக் ஸ்டிக்கி ரைஸ்'னு சொல்லிட்டேன், பணியாரத்துக்கு கேட்டாரு, பணியாரத்த பணியாரம்னே சொல்லுங்க மாஸ்டர், அவங்க கத்துக்கட்டும்னுட்டேன். அது ஒண்ணுல மட்டும் எனக்கு சந்தேகமே இல்ல.

இன்னும் ஒண்ணு ஒத்துக்கிடுறேன். மூணு மாசமா 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்'னு சொல்லிக் குடுத்துட்டு இருந்திருக்கேன். லேமினேஷனுக்கு வந்த ஒரு டீச்சரம்மா போர்டுல பாத்துட்டு 'அபவுட்ட அழிப்பா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பதினோரு பேருக்கும் தப்பா ஏத்தியாச்சு, எறக்குறதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. எழுதத் தெரிஞ்ச ஆள் வேணுங்கறது இதுக்குத்தான்.

கவர்ன்மெண்ட்ல வயசு வந்தோர் கல்வி இருக்கேன்னு சிலர் சொல்றாங்க. இருக்கு, நல்ல காரியம், 15 வயசுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு தமிழும் கணக்கும். பக்கத்து புதுக்கோட்டைல அறிவொளி இயக்கம் எழுத்து சொல்லிக் குடுத்த காலத்துல பொம்பளையாளுக எழுத்தோட சைக்கிளும் கத்துக்கிட்டு ரோட்ட நெறச்சது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. என் ஆளுகளுக்கு தமிழ் நல்லாவே வரும், அடுத்த படிதான் வேணும்.

அப்பறம், கோச்சுக்காதீங்க, ஒரு விஷயம். பெரியவர் ஒருத்தர், ரிட்டயர்டு வாத்தியாரு, நல்ல மனசோட ஒரு நாள் கிளாஸ் எடுக்க வந்தாரு. உக்காந்ததும் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டு, நவுன்னா என்ன, ப்ரோநவுன்னா என்னன்னு ஆரம்பிச்சு, டைல் அண்ணன எழுப்பி நிக்க வச்சு கேட்டாரு. அண்ணனுக்கு அம்பது வயசு. மறுநாள் நாலு பேரு வரல, நான் வீடு வீடாப் போய் கூட்டிட்டு வந்தேன். இலக்கணம் வேணாம்னு நான் சொல்லல. பகல் பூரா வேல பாத்துட்டு ராத்திரி எட்டரைக்கு வந்து உக்கார்ற ஆள எழுப்பி நிக்க வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

நான் கேக்குறது பெருசு இல்ல. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஏ4ல ஒரே ஒரு பக்கம், ஒரு ஆளு, அவரோட ஒரு வேல, அதுல அவரு பேச வேண்டிய எட்டு பத்து வாக்கியம், கீழ தமிழ்ல அர்த்தம், 'ங்க' எங்க போச்சுன்னு ஒரு வரி. கொட்டான் விக்கிறது, கண்டாங்கி சேலைல எது கைத்தறி எது மிஷினுன்னு வெளியூர்க்காரங்களுக்கு வெளக்குறது, ஏர்போர்ட்ல ஆச்சி வீல்சேர் கேக்குறது, டாக்டர்கிட்ட எங்க வலிக்குதுன்னு சொல்றது, பில்லுல தப்புன்னு சண்டையில்லாம சொல்றது. எழுதுறதுக்கு முன்னாடி தயவு பண்ணி அந்த வேல பாக்குற ஆளுகிட்ட அஞ்சு நிமிஷம் பேசிட்டு எழுதுங்க, டைல சுடுறாங்கன்னு எழுதிடாதீங்க. அதையே உங்க குரல்ல போன்ல நிதானமா படிச்சு வாட்ஸப்ல அனுப்புங்க, நம்மூரு வாயில நல்ல இங்கிலீஷ கேட்டா இவங்களுக்கு காதுல நிக்கும்.

எழுதத் தெரியாது, கைல சத்தில்லங்கறவங்க நான் எழுதி வச்சிருக்குற முப்பத்தி ரெண்டு ஷீட்ட திருத்திக் குடுங்க, அதுவே பெரிய உபகாரம்.

அச்சு என் பொறுப்பு. நாப்பது பக்கம் தேறுச்சுன்னா பேக் டு பேக்ல இருபது பேப்பர், ஸ்பைரல் போட்டு அட்டை வச்சுக் குடுத்துடுவேன், பேப்பரும் டோனரும் என்னோடது. வெளிநாட்டு புக்க முழுசா காப்பி போடச் சொல்லி கேட்டு வர்றவங்ககிட்ட நான் காப்பிரைட்டு சார்னு சொல்லி சொல்லி வாய் வலிச்சவன், அதனால நம்ம புத்தகத்துல முதல் பக்கத்துலயே யாரு வேணா காப்பி எடுக்கலாம்னு போட்டுடுவோம். தேவகோட்டைல ஒருத்தர், பொன்னமராவதில ஒருத்தர் இதே மாதிரி கிளாஸ் ஆரம்பிக்கணும்னா திரும்ப முதல்லேருந்து யானைக்குக் கலர் அடிக்க வேணாம் பாருங்க. எழுதுனவங்க பேரு போடணும்னா போடுறேன், வேணாம்னா விட்டுடுறேன்.

இங்கிலீஷ் எம்.ஏ. படிச்ச ஒருத்தர், அழகப்பச் செட்டியார், 1947ல இந்த ஊர்ல காலேஜ் ஆரம்பிச்சாரு, அதுலேருந்து எத்தனை பேரு இங்கிலீஷ் படிச்சு வாத்தியாராகி வெளிய வந்திருப்பீங்க. நான் காலேஜ் கேக்கல, ஒரு பக்கம்தான் கேக்குறேன்.

ஞாயித்துக்கிழமை தவிர எல்லா நாளும் கிளாஸ் உண்டு. வந்து பாத்துட்டு எழுதணும்னாலும் வாங்க, ஆச்சி யாராச்சும் வந்தா சீடை கொண்டாருவாங்க. எட்டரைக்கு மேல ஷட்டர் பாதி எறங்கியிருக்கும், கடைய மூடிட்டான்னு நெனச்சு திரும்பிப் போயிடாதீங்க, குனிஞ்சு உள்ள வந்துடுங்க.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்